சீல் மேல் பழி போடாதீர்கள்

வத்திராயிருப்பு தொடங்கி தேவதானம் வரை சின்ன டிராக்டர் வைத்திருக்கும் சம்சாரிகளே, அதை ஓட்டிப் பிழைக்கும் தம்பிமாரே,

ஐப்பசி நெருங்குகிறது. கண்மாய் பெருகி மடை திறந்துவிட்டால் உங்களுக்குப் பேச நேரமிருக்காது, எங்களுக்குக் கேட்க நேரமிருக்காது. பட்டறைக்குப் போன் வரும்: “அண்ணாச்சி, முன்சக்கரத்துல ஆயில் ஒழுகுது. விடிஞ்சா தொளி அடிக்கணும். சீல் மட்டும் மாத்திக் குடுங்க.” அந்தச் “சீல் மட்டும்” பேச்சைப் பற்றித்தான் இந்த மடல். மழைக்கு முன்னால் எழுதினால்தான் யாராவது படிப்பீர்கள்.

முன் ஆக்சிலில் சீல் தானாகப் போவது குறைவு. ஓட வேண்டிய மணியெல்லாம் ஓடி, ரப்பர் தேய்ந்து போகிற சீலும் உண்டு. அதை மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் நம் வட்டாரத்தில் கழற்றுகிற சீல்களில் பல அப்படிப் போனவை அல்ல. ஏதோ ஒன்று கெடுத்திருக்கும். அதை உள்ளேயே விட்டுவிட்டுப் புதுச் சீலைத் தட்டி ஏற்றினால், அதே இடத்தில் மறுபடி அதே ஒழுக்கு. அப்புறம் “கடைக்காரன் டூப்ளிகேட் குடுத்துட்டான்” என்று அவன் தலையில் போடுவோம். டூப்ளிகேட் சீல் நாட்டில் இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லா ஒழுக்குக்கும் அதுவே காரணம் என்பதைத்தான் ஒப்ப முடியவில்லை.

20 முதல் 30 குதிரைத்திறன் வரை உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைச் சொல்கிறேன். குபோட்டா நியோஸ்டாரோ, மஹிந்திரா ஜிவோவோ, வி.எஸ்.டி.யோ, எந்தக் கம்பெனி என்பது இங்கே பேச்சில்லை. சேத்தூர், தேவதானம் மலையடிவாரத்துத் தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் பெரிய வண்டி திரும்ப முடியாத இடத்தில் இவை திரும்புகின்றன. கிழக்கே கரிசலில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையுழவுக்கு இறங்குகின்றன. கண்மாய்ப் பாசன நஞ்சையில் தொளியும் அடிக்கின்றன. செம்மண், கரிசல், சேறு, இடையில் தார் ரோடு என்று எல்லாம் ஒரே வண்டிக்கு. அத்தனையும் முன் ஆக்சிலின் தலையில்தான் விடிகிறது.

பழைய டூ வீல் வண்டியில் முன் ஹப்புக்குள் இருப்பது இரண்டு பேரிங்கும் கொஞ்சம் கிரீஸும்தான். சீல் போனால் கிரீஸ் பிதுங்கும், சேறு ஏறும், பேரிங் கத்தும். செலவு சின்னது. ஃபோர் வீல் வண்டியில் அப்படி இல்லை. நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு பக்கமும் ஷாஃப்ட் போகிறது. சின்ன வண்டிகளில் பெரும்பாலும் அந்த ஷாஃப்ட்டின் நுனியில் ஒரு ஜோடி பெவல் கியர் ஓட்டத்தைக் கீழே திருப்பிவிடும். செங்குத்தாக நிற்கும் குட்டை ஷாஃப்ட் வழியே ஓட்டம் இறங்கி, அடியில் இன்னொரு ஜோடி பெவல் கியரில் சக்கரத்துக்குத் திரும்பும். முன்சக்கரம் அவ்வளவு மடங்குவதும், வண்டியின் வயிறு வரப்பில் இடிக்காமல் போவதும் இந்த ஏற்பாட்டால்தான். இத்தனை பல்லும் பேரிங்கும் கியர் ஆயிலில் நனைந்துகொண்டே ஓட வேண்டியவை. ஆயில் குறைந்தாலும் சரி, தண்ணீர் கலந்தாலும் சரி, பேரிங் போகும், பின்னாலேயே கியர் பல் போகும். சீல் சில நூறு ரூபாய்ப் பொருள். பெவல் கியர் ஜோடி மாற்றின சம்சாரி உங்கள் ஊரில் ஒருவராவது இருப்பார், செலவு எவ்வளவு என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் சக்கரத்தில் கை வைக்காதீர்கள். வண்டியைக் கழுவித் துடைத்து, சமதரையில் அடியில் அட்டை விரித்து நிறுத்துங்கள். ரிம்மின் உள்பக்கம் ஈரம் கோடுகோடாகச் சிதறியிருந்தால் சக்கர ஷாஃப்ட்டின் சீல். ஸ்டீயரிங் திருப்பும்போது கியர் பெட்டி மடங்குகிற இணைப்பில் ஈரம் தொடங்கினால், அது மேல் பெட்டிக்கும் கீழ்ப் பெட்டிக்கும் நடுவில் உள்ள சீல். அது சக்கரத்தோடு சுழலாது, திருப்பத்துக்கு மட்டும் அசையும். மேலே ஒழுகும் ஆயிலும் வழிந்து கடைசியில் கீழேதான் வந்து சேரும். ஆகவே சொட்டும் இடத்தைப் பார்க்காமல், ஈரம் தொடங்குகிற உச்சியைப் பாருங்கள். ஆக்சிலின் நடுவில், எஞ்சினில் இருந்து வரும் ஷாஃப்ட் நுழைகிற இடத்தில் சொட்டினால் பினியன் சீல். பவர் ஸ்டீயரிங் சிலிண்டரின் ஒழுக்கைப் பார்த்துவிட்டு ஆக்சிலைப் பிரித்த வேலையும் நம்மூர்ப் பட்டறைகளில் நடந்திருக்கிறது. விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். 80/90 கியர் ஆயில் என்றால் கந்தக வாடை அடிக்கும், கெட்டியாக இருக்கும். ஹைட்ராலிக் ஆயில் மெலிசு, அந்த வாடை வராது. சில கம்பெனிகள் டிரான்ஸ்மிஷனுக்கு ஊற்றுகிற ஆயிலையே முன் ஆக்சிலுக்கும் ஊற்றச் சொல்கின்றன. அந்த வண்டிகளில் மூக்கை நம்ப முடியாது.

சீலைக் கெடுப்பவற்றில் என் கணக்குப்படி முதல் குற்றவாளி பிரீதர். ஆக்சிலின் மேல்பக்கம் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மூடியோ, சின்ன ரப்பர் குழாயோ இருக்கும். அப்படி ஒன்று இருப்பதே பல டிரைவர்களுக்குத் தெரியாது. கியர் ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது. அது போகவர வைத்த வழி அந்தப் பிரீதர். கரிசல் சேறு அதன் மேல் அப்பிக் காய்ந்தால் கல்லாக இறுகிவிடும். வழி அடைபட்ட காற்று சும்மா இருக்காது. இருப்பதிலேயே மெலிந்த இடமான சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு, ஆயிலையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும். நீங்கள் சீலை மாற்றுவீர்கள். பிரீதர் அடைத்தபடியே இருக்கும்.

தொளி அடிக்கிற வயலில் நடப்பது இதைவிட மோசம். ரோட்டில் ஓடிச் சூடான ஆக்சிலோடு வண்டி நேரே தண்ணீர் நிற்கிற வயலில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. சூடான சோற்றைத் தூக்குப் போணியில் அடைத்தால், ஆறினபின் மூடியைக் கழற்ற விடாமல் இழுத்துப் பிடிக்குமே, அதே இழுப்பு. பிரீதர் திறந்திருந்தால் அதன் வழியே காற்று உள்ளே போய்ச் சமன் ஆகிவிடும். அடைத்திருந்தால், சீலைச் சுற்றி நிற்கிற சேற்றுத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். ஆயிலை உள்ளே நிறுத்துவதுதான் சீலின் முதல் வேலை. வெளியில் இருந்து இழுபடும் தண்ணீரை அது நெடுநேரம் தாங்காது. அப்படித் தண்ணீர் குடித்த ஆக்சிலின் ஆயிலை வடித்தால் மோர் நிறத்தில் வெளுத்து நுரைத்து வரும். வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாத வண்டியிலும் இப்படி வெளுத்த ஆயில் இருக்கலாம். ஒழுகுகிற வண்டியைவிட அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஒழுகினால் யாராவது பார்த்துவிடுவார்கள்.

ஆகவே தொளிக்கு இறங்கும் முன் பிரீதரைக் கழற்றி, டீசலில் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டுங்கள். பெரிய வேலை இல்லை. ரோட்டில் இருந்து வந்த வண்டியை வரப்போரம் கொஞ்சம் ஆறவிட்டு இறக்கினால் இன்னும் நல்லது. மணிக் கணக்கில் வாடகைக்கு ஓட்டுகிறவர் இதைக் கேட்டால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். தொளி வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் வடிகால் பிளக்கைத் திறந்து நாலு சொட்டு ஆயில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு விடிகாலையில் திறந்தால், அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் வரும். ஆயில் வெளுத்திருந்தால் சீல் நன்றாக இருந்தாலும் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது என்று வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும். அந்தக் கணக்கு தொளி அடிக்கிற வண்டிக்குப் பொருந்தாது. பருவம் முடிந்தால் மாற்றிவிடுங்கள் என்பது என் கட்சி.

இரண்டாவது குற்றவாளி நார். தென்னந்தோப்பில் பன்னாடையும் மட்டை நாரும், வாழைத் தோட்டத்தில் காய்ந்த பட்டை, கரும்புக் கொல்லையில் தோகை. குப்பை எருவோடு வயலுக்கு வந்து சேரும் சாக்குப் பிரி, நைலான் கயிறு, பிய்ந்த சொட்டுநீர்க் குழாய். சத்திரப்பட்டி மாதிரித் தறி ஓடுகிற ஊர்ப்பக்கம் என்றால் நூல் பிரியும் சேர்ந்துகொள்ளும். சக்கரத்துக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் உள்ள சந்தில் இவை சுற்றும். முதலில் வெளியோரம் சுற்றி, சேற்றோடு சேர்ந்து இறுகி, ஓட ஓட உள்ளே நகரும். சீலுக்குப் பெரும்பாலும் இரண்டு உதடு உண்டு: வெளியே தூசுக்கு ஒன்று, உள்ளே ஆயிலுக்கு ஒன்று. நார் முதலில் தூசு உதட்டைத் தூக்கும், அடுத்து ஆயில் உதட்டை அறுக்கும். தென்னை நாராவது மக்கிப் போகும், நைலான் போகாது. வளைந்த கம்பிக் கொக்கியால் வாரம் ஒருமுறை அந்தச் சந்தைத் துழாவி இழுத்துவிடுங்கள். கத்தியை உள்ளே விட்டு அறுக்காதீர்கள், நாரோடு சீலும் போய்விடும்.

ஃபோர் வீல் லிவரைப் போட்டபடியே தார் ரோட்டில் ஓட்டுவது இன்னொன்று. முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் முந்தி ஓடும்படிதான் இந்த வண்டிகளில் கியர் வைத்திருக்கிறார்கள். சேற்றிலும் உழுத மண்ணிலும் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, ஆகவே முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடும். டயர் தேய்வது கண்ணுக்குத் தெரியும். ஆக்சில் சூடாவது தெரியாது. சாதாரண நைட்ரைல் ரப்பர் சீல் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். சூட்டிலேயே கிடந்தால் உதடு இறுகி, ஷாஃப்ட்டை அணைக்காமல் விலகி நிற்கும். திருவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே கொல்லம் நெடுஞ்சாலையில் சுமார் 11 கிலோமீட்டர் தூரம். அதை லிவரை எடுக்காமல் ஓட்டிவிட்டு, ஊருக்குள் வந்து “ஸ்டீயரிங் ஏன் இறுக்கமா இருக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. முன் டயர் மாற்றும்போது கிடைத்த சைஸைப் போடுவதும் இதே வம்புதான். கையேட்டில் சொன்ன சைஸ், இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள்.

வாட்டர் சர்வீஸில் பிரஷர் குழாயை நேரே சீல் சந்தில் பிடிக்க விடாதீர்கள். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சீல் என்கிற இந்தப் பொருள் முதலில் ரப்பரே இல்லை, தோல். ஜெர்மனியில் வைன்ஹைம் ஊரில் 1849இல் தோல் பதனிடத் தொடங்கிய ஃப்ராய்டன்பெர்க் கம்பெனி, 1929இல் தோலில் சீல் செய்ய ஆரம்பித்தது. அங்கே வேலை பார்த்த வால்தர் சிம்மர் பெயரில்தான் அந்தச் சீலுக்குச் சிம்மரிங் என்று பெயர் வந்தது. செயற்கை ரப்பர் அதன் பின்னால் வந்தது. நம் தெரு அடிகுழாயிலும் இதே வரிசைதான், முதலில் தோல் வாசர், பிறகு நைட்ரைல். தோலோ ரப்பரோ, உதடு ஷாஃப்ட்டைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், நடுவில் ஒரு மெல்லிய ஆயில் படலம் இருக்க வேண்டும். அந்தப் படலம் இல்லாமல் ஒட்டி உரசினால் சீல் எரியும். மாதக் கணக்கில் ஷெட்டில் நிற்கிற வண்டியை எடுத்ததும் ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். நாலு அடியாவது முன்னும் பின்னும் அவ்வப்போது நகர்த்தி வையுங்கள்.

இனிச் சொல்வது சின்னப் பட்டறை வைத்திருக்கும் தம்பிமாருக்கு, அவர்களிடம் வண்டி விடுகிறவர்களுக்கும்தான்.

முன் ஆக்சில் நடுவில் ஒரு பின்னில் ஆடுகிற பொருள். ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்தால் வண்டி மறுபக்கம் சாயும். ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இரண்டு புறமும் மரக்கட்டையை ஆப்பாக அடித்து, பின்சக்கரத்துக்கு அணை கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே கழற்றுங்கள். கருங்கல்லை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துவதைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குகிறது. ஆயிலை வடித்ததும் அதில் இரும்புத் தூள் மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் சீலைப் பற்றிய பேச்சே பிறகுதான்.

பழைய சீல் நிறையச் சொல்லும், அவசரத்தில் அதைத் திருப்புளியால் கிழித்து எடுத்துக் குப்பையில் போடாதீர்கள். உதட்டில் ஒரே ஒரு இடம் பிய்ந்திருந்தால் நார். மடக்கினால் விரிசல் விட்டால் சூடு. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தேய்ந்திருந்தால் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது, ஷாஃப்ட் நடுவில் நிற்கவில்லை. அந்த வண்டிக்கு எவ்வளவு விலையுள்ள சீல் போட்டாலும் நிற்காது. உதடு நன்றாக இருந்தும் ஒழுகியிருந்தால் பிரீதரைப் பாருங்கள், ஆயிலை மட்டத்துக்கு மேல் ஊற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒழுகுகிறதே என்று கூடுதலாக ஊற்றி வைக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அது ஒழுக்கை வளர்க்கும்.

அடுத்து ஷாஃப்ட். சீல் ஓடிய தடத்தில் நகத்தை வைத்து இழுங்கள். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்துவிட்டது. அந்தப் பள்ளத்திலேயே புதுச் சீலின் உதடு உட்கார்ந்தால் முதல் நாளே கசியும். இடம் இருந்தால் சீலைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்து, உதடு புதுத் தடத்தில் ஓடும்படி செய்யலாம். இல்லாவிட்டால் மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும், அல்லது ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும். துருவை எமரித் தாளால் தேய்ப்பதானால் ஷாஃப்ட்டைச் சுற்றிய வாக்கில் மட்டும் தேயுங்கள். நீளவாக்கில் விழுகிற கீறல் ஒவ்வொன்றும் ஆயிலுக்கு வாய்க்கால்.

மாட்டும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்கட்டும். உதட்டில் ஆயில் தடவி, இரண்டு உதட்டுக்கும் நடுவில் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். ஸ்பிளைன் பல் உதட்டைக் கீறாமல் இருக்க அதன் மேல் வழுவழுப்பான தாளோ டேப்போ சுற்றிக்கொள்ளலாம். சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டாதீர்கள். சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்துகிற பழைய பேரிங் வளையத்தை மேலே வைத்துச் சமமாக இறக்குங்கள். பெவல் கியருக்குப் பின்னால் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எது எங்கே எத்தனை இருந்தது என்று எழுதி வைத்து, அப்படியே திரும்பப் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். ஒழுக்கை நிறுத்தப் போய்க் கியரைக் கத்தவிட்ட வேலை என்று அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

ஆயிலுக்குப் பதில் கிரீஸை அடைத்து அனுப்புகிற வழக்கம் பரவிவருகிறது. ஒழுகாது, உண்மைதான். ஆனால் கியர் பல் கிரீஸில் ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டு அதற்குள் காய்ந்து ஓடும், மேல் பெட்டியில் உள்ள ஜோடிக்கு எதுவும் போய்ச் சேராது. ஒரு பருவம் தாக்குப்பிடித்ததைப் பார்த்து “நல்லாத்தானே ஓடுது” என்பார்கள். வெளியே பேஸ்ட் பூசி ஒழுக்கை மறைப்பதும், கேனில் விற்கிற லீக் நிறுத்தும் மருந்தை ஊற்றுவதும் எனக்கு ஒப்புதல் இல்லாத வேலைகள். ராத்திரி பத்து மணிக்கு வயலோரத்தில் வேறு வழி இல்லாமல் செய்தால் மன்னிக்கலாம். வண்டியை விற்கப்போகிற அன்று செய்தால் அதற்கு வேறு பெயர்.

வண்டி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒழுக்கு வந்ததும் டிரைவரைத் திட்டுகிறீர்கள். பருவத்தில் விடியலில் ஏறி ராத்திரி இறங்குகிறான் அவன். பிரீதர் கழுவவும் நார் எடுக்கவும் நேரம் கேட்டால், ஓடுகிற மணியைக் காட்டி விரட்டுகிறோம். அந்த நேரத்தையும் வேலைக் கணக்கில் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள். அதைக் கேட்டு வாங்குவதில் தம்பிமாருக்கும் வெட்கம் வேண்டாம்.

புதிதாக வண்டி எடுக்கிறவர்கள் மானியத்தையும் மாதத் தவணையையும் பார்க்கிறீர்கள். மத்தியப் பிரதேசம் பூத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே டிராக்டரைச் சேற்று உழவில் ஓட்டிவிட்டு, முன்சக்கர ஹப், பிரேக், கிளட்ச் பகுதிகளுக்குள் சேறோ தண்ணீரோ புகுந்ததா என்று பார்த்து அறிக்கையில் எழுதுகிறார்கள். ஷோரூமில் அந்த அறிக்கையைக் கேளுங்கள். விற்பனைப் பையன் முழித்தாலும் பரவாயில்லை, வாங்கிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் தொளி அடிக்க வாங்குகிறீர்கள் என்றால் குதிரைத்திறனைவிட அந்த ஒரு பக்கம் உங்களுக்கு முக்கியம்.

ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பார்ட்ஸ் கடைக்காரர்களிடமும் ஒரு கேட்பு. முன் ஆக்சில் சீல், அதன் ஓ ரிங், பிரீதர் மூடி மூன்றையும் புரட்டாசியிலேயே இருப்பு வையுங்கள். பருவத்தின் நடுவில் ஒரு சீலுக்காக மதுரைக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வைத்தால், சம்சாரி கிரீஸ் அடைக்கிற பட்டறையைத் தேடித்தான் போவார். வேளாண்மைப் பொறியியல் துறைக்காரர்கள் புது இயந்திரம் காட்டக் கூட்டம் போடுகிற நாளில், ஓடிக்கொண்டிருக்கிற வண்டியின் பிரீதரைக் கழற்றிக் காட்டவும் அரை மணி ஒதுக்கலாம்.

சீல் வாங்க வரும்போது வண்டியின் மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு ஆக்சில் மாறியிருக்கும். பழைய சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும், அல்லது கம்பெனியின் பார்ட் நம்பர் இருக்கும். தொளி வேலைக்கென்று பல உதடு வைத்துப் பெட்டி மாதிரிச் செய்த கேசட் சீல் சில வண்டிகளில் வரும்; அதற்குப் பதில் அதே அளவுச் சாதாரண சீலைப் போட்டால் சில வயலுக்குள்ளேயே திரும்பி வருவீர்கள். பழைய சீலைத் துடைத்து ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள். எண் அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து நாங்கள் அளந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ராஜபாளையத்துப் பட்டறைக்காரன் ஒருவன்